கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்

செர்டாங் தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, என் அக்காள் மகள் துர்காஷினி லயத்து வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயசுப் பிள்ளை. மூக்குப் பக்கம் சாய்ந்திருந்த இடது கண்ணை நேராக்க ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"என்னக்கா இது கூத்து?"

"கழட்டாதடி! புதுக் கண்ணுலா. லயத்துல யாரு கண்ணாச்சும் பட்டா போச்சு," என்றாள் நவமணி அக்கா. "பக்கத்து வீட்டுப் பிரேமாவதி அக்காதான் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கிக் குடுத்தாங்க."

கண் நேராக இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்காவோ, பிள்ளை இறுக்கி மூடியிருக்கும் இமையை இழுத்து மருந்தை விட்டதும் கண்ணாடியை மாட்டிவிடுவாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படக்கென்று கழற்றினேன்.

அலமாக்! இடது கண் காதுப் பக்கமாக ஒதுங்கி நின்றது.

"சித்தி, நீங்க ரெண்டு பேரா தெரியிறீங்க," என்றாள் பிள்ளை. "அம்மாகிட்ட சொன்னேன். கண்ணாடி போட்டா அப்படித்தான்னு சொன்னாங்க."

அவள் வலது கண்ணைப் பொத்தி, கார் சாவியை மூக்குப் பக்கம் ஆட்டினேன். தலை திரும்பியதே தவிர, இடது கண் உள்ளே வரவேயில்லை.

"காடியில ஏறுக்கா!"

"ஐயோ, கண்ணு பட்டுருச்சுடி! முதல்ல சுத்திப் போட்டுட்டு..."

"சுத்திப் போட்டா கண்ணு உள்ள வந்துருமா? ஏறுன்னா ஏறு!"

ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. ஆப்பரேஷன் செய்த டாக்டர் ஸல்மா பார்த்த மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தையல் போட்ட தசை நழுவிருச்சு. பின்னால போய் ஒட்டிக்கிட்டா தேடிப் பிடிக்கிறது கஷ்டம். இன்னைக்கே திறக்கணும்."

அக்கா அழுதாள். அவளைத் திட்டிக்கொண்டே நானும் அழுதேன். ஆப்பரேஷன் தியேட்டர் கதவு திறந்ததும் டாக்டர் முகத்தைத்தான் பார்த்தேன். சிரித்தார்.

"கிடைச்சிருச்சு! இறுக்கித் தைச்சாச்சு!"

பக்கத்திலிருந்த நர்ஸைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். மறுநாள் டாக்டர் டார்ச்சை மூக்குப் பக்கம் நகர்த்த, இடது கண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. "வருது! வருது!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது.

வீடு வந்ததும் அக்கா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"பிரேமாவதிக்கா, வெளிய வாங்க! எல்லாரும் வாங்க! இந்தக் கண்ண நல்லாப் பாருங்க. நாளைக்கும் வந்து பாருங்க. கொஞ்சம் ஒதுங்கினாலும் உடனே என்கிட்ட சொல்லிருங்க!"