இரண்டாவது தட்டு

கேட்கப்போகிறாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்கப்போகிறாள். அதற்குள் ஏதாவது பேசிவிட வேண்டும். வாஷிங் மெஷின் சரியாகிவிட்டதா, கீழ்வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்களா, எதையாவது.

தங்கை வாயைத் திறப்பதற்குள் அக்கா வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து பலகையில் கவிழ்த்தாள்.

"அந்த மருந்து ஒரு பாட்டில் கொண்டு வாடி. உங்க லேப்ல இருக்கறது."

"அது மருந்து இல்லக்கா."

"சரி, மருந்து இல்ல. அந்த மருந்து இல்லாதத ஒரு பாட்டில் கொண்டு வா."

அத்தானுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து வாரமாகிறது. ஒரே கட்டி, நான்கு சென்டிமீட்டர். வியாழக்கிழமை மருத்துவமனையில் சேர வேண்டும். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைக் கல்லீரல்வரை செலுத்தி, கட்டிக்குள் மருந்தை இறக்கிவிட்டு, அதற்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடுவார்கள். மூன்று மாதம் தள்ளிப்போட்டால் கட்டி இதே அளவில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டில் வந்தால் அதைக் குடித்துப் பார்க்க அத்தான் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார். அக்கா கேட்பது அந்த மூன்று மாதத்தைத்தான். அவள் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாட்டில் கேட்பதாகத்தான் நினைத்தாள்.

இதைத் தொடங்கிவைத்தது தங்கை. ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். சேர்ந்த புதிதில் என்ன வேலை என்று அத்தான் கேட்டபோது, இப்போதைக்குப் பாட்டில் கழுவுகிறேன் என்று உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் 'பாட்டில்'. பாட்டில் வந்தாச்சா, பாட்டிலுக்குக் காப்பி கொடு. அவளும் சிரித்துக்கொண்டே வளைய வந்தாள். சிரிப்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது என்பதை அவளே கவனித்ததில்லை.

போன வருடம் ஒரு வேர் வந்தது. பழைய வைத்தியத்தில் காமாலைக்குக் கொடுப்பது. அதைப் பொடித்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, உலர்த்தி, மறுபடி கரைத்து, கல்லீரல் புற்றுநோய் செல்கள் வளரும் தட்டில் விட்டாள். தட்டு என்றால் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக், அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். மறுநாள் குழிதோறும் மஞ்சள் சாயம் சேர்க்க வேண்டும். செல் உயிரோடு இருந்தால் சாயம் ஊதாவாகும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். அன்று வேர்ச்சாறு விட்ட வரிசைகள் எல்லாம் மஞ்சளாக நின்றன.

வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவுக்குப் போன் செய்தாள். "எல்லாம் செத்துப்போச்சுக்கா. ஒண்ணு விடாம."

"யாருடி?" என்று அக்கா பதறினாள். விளக்கம் சொன்னதும் அத்தானைக் கூப்பிட்டாள். அவர் போனை வாங்கி, "கேன்சரையே கொன்னுட்டியா? நம்ம பாட்டிலா?" என்றார். குரலில் கேலி இல்லை. பிறகு பலமுறை அவள் மனதில் ஓட்டிப் பார்த்தது அந்தக் கேலியில்லாத குரலைத்தான். அப்போது இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை.

மூன்று வாரம் கழித்து, நோயில்லாத கல்லீரல் செல்களை வேறொரு தட்டில் வளர்த்து அதே சாற்றை அதே அளவில் விட்டாள். அதுவும் மஞ்சளாகவே நின்றது. அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். நல்ல செல்கள் பிழைத்தன. புற்று செல்கள் சாகவில்லை, பெருகாமல் நின்றன. சாற்றைக் கழுவி எடுத்ததும் மறுபடி பெருகின. அந்தச் சாற்றில் முப்பதுக்கு மேல் பொருள்கள் கலந்திருக்கின்றன, பெருகவிடாமல் நிறுத்துவது எது என்று பிரித்துப் பார்க்கலாம் என்று துறைத்தலைவருக்குச் சந்தோஷம். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்கெல்லாம் யாரும் அக்காவுக்குப் போன் செய்வதில்லை.

"அக்கா, ரெண்டாவது ஒரு தட்டு இருக்கு," என்றாள் இப்போது. சொன்னாள், வரிசையாக, கூட்டாமல் குறைக்காமல். "குடிக்கறது எல்லாம் கடைசியில கல்லீரலுக்குத்தான் போகும். ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல். தட்டுல விட்ட அளவு உள்ள போனா எது சாகும்னு எனக்கே தெரியாது. குறைவாப் போனா ஒண்ணும் நடக்காது, நாள்தான் போகும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

நீ கேட்கவில்லையே என்று சொல்லலாம். அது உண்மைதான். முதல் தட்டைப் பற்றியும் அக்கா கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்காததைச் சொல்ல ஒரு நாள் வாய் வந்தது, இன்னொரு நாள் வரவில்லை. நடுவில் என்ன மாறியது என்று தேடினால் கிடைப்பது அந்த ஒரு குரல்தான். அதை இழக்க மனமில்லை. அந்தப் போனுக்குப் பிறகு எட்டு மாதம் அவள் அத்தானுக்குப் பாட்டிலாக இல்லாமல் இருந்தாள்.

"தோணல," என்றாள்.

அக்கா சிங்க்கில் கையைக் கழுவினாள். தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கழுவினாள். "அவருக்குப் பயம்டி. கூட வேலை பாத்தவர் ஒருத்தர் இதே மாதிரி குழாய் போடப் போயி வீட்டுக்குத் திரும்பல. அதையே நெனச்சுட்டு சாப்பாட்ட அளைஞ்சுட்டு எழுந்திரிச்சுடறார். உன் வேரப் பத்திப் பேசும்போது மட்டும் மனுஷனா இருக்கார். ரெண்டாவது தட்டு அவருக்கு எதுக்கு? மொதல் தட்டையே இன்னொரு தரம் சொல்லேன். அதுவும் பொய் இல்லையே."

பொய் இல்லைதான். கஷ்டமே அதுதான்.

கூடத்தில் அத்தான் சோபாவில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் லிப்ட் மெக்கானிக். கை கால் சுருங்கி, வயிறு மட்டும் லேசாக உப்பியிருந்தது. ஸ்கேன் கவர் பக்கத்தில் கிடந்தது.

"வா வா. கேட்டியா கதைய? தொடையில ஏறி கல்லீரல்ல இறங்கணுமாம். நடுவுல எங்கயும் நிக்காதாம். நான் எத்தன லிப்ட் நடுவுல நின்னு பாத்திருக்கேன்."

"இதுல கூடவே ஆள் நிப்பாங்க அத்தான். திரையில பாத்துட்டேதான் போடுவாங்க."

"எல்லா லிப்டுக்கும் ஆள் உண்டும்மா. அந்த ஆளே நான்தான்." சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முகம் காலியாக இருந்தது. "நீ சொல்லு. உன் கையால செஞ்சது. அது நல்லா கேக்கும்னு ஒரு வார்த்த சொல்லு, வியாழக்கிழமை வரலன்னு போன் பண்ணிடறேன். மூணு மாசம் அதக் குடிக்கறேன். உன்ன நம்பறேன். டாக்டர நம்பறத விட."

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே தங்கையைப் பார்த்தாள்.

அவரை இத்தனை அருகில் தங்கை பார்த்ததில்லை. கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. அவருக்குத் தேவை தன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை. தனக்கும் அது பிடித்திருக்கிறது, இந்த நிமிடத்தில்கூட. இவ்வளவு நம்பிக்கையோடு யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இனி கேட்கப்போவதும் இல்லை.

"நோயில்லாத கல்லீரல் செல்லும் அதுல செத்துது அத்தான்," என்றாள். "நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டேன்."

அவர் ஸ்கேன் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்," என்றார். "கொஞ்சமாக் குடிச்சுக்கறேன். நீ கொண்டு வந்து கொடு, போதும். மத்தது என் பொறுப்பு."

"மாட்டேன் அத்தான்."

"ஒரு சின்ன பாட்டில்."

"மாட்டேன்," என்றாள், முன்னைவிடத் தணிந்த குரலில். "வியாழக்கிழமை நானும் கூட வரேன்."