பல்லுக் கொழுக்கட்டை

பேச்சாயிக்கு எல்லாமே பல்லுதான். பேத்தி எச்சில் வடித்தால் பல்லு, வயிற்றால் போனால் பல்லு, தூங்காவிட்டால் பல்லு. மகன் கருப்புசாமியின் மொபெட் காலையில் மக்கர் பண்ணினால் அதற்கும் பல்லு முளைக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என மருமகள் கௌசல்யாவுக்குச் சந்தேகம் இருந்தது.

தாரணிக்குப் பதினொரு மாதம். கௌசல்யா மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது மேலெல்லாம் தடித்துவந்த ரூபெல்லா அம்மை, வயிற்றில் இருந்தவளையும் தொட்டுவிட்டது. காது கேட்காது, இதயத்தில் ஓட்டை. திண்டுக்கல் டாக்டரம்மா முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்: "பல்லு முளைச்சா எச்சி வடியும், கடிக்கும், சிணுங்கும். மூச்சு வாங்குனா அது பல்லு இல்ல. போட்டது போட்டபடி ஓடி வந்துரு."

அந்த வெள்ளிக்கிழமை தாரணிக்குக் காய்ச்சல் கொதித்தது. உச்சந்தலையில் கொழுக்கட்டை கொட்டினால் பல் சிரமமில்லாமல் வந்துவிடும் என்று பேச்சாயி குஜிலியம்பாறையில் பாதிப் பேரைக் கூப்பிட்டிருந்தாள். கருப்புசாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். கௌசல்யா குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மூச்சுக்கு மூச்சு விலா குழி விழுந்தது.

"அத்தை, இது பல்லு இல்ல. கெளம்பணும்."

"செத்த நேரம் பொறு. கொழுக்கட்டையக் கொட்டாம எந்திரிச்சா பல்லே மொளைக்காது. இம்புட்டுப் பேரு வந்திருக்காக."

"கொட்டணும், அம்புட்டுத்தான?"

கொழுக்கட்டைக் கிண்ணத்தை வாங்கிப் புருஷன் தலையில் கவிழ்த்தாள். வந்திருந்த சனம் பழக்கதோஷத்தில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தது.

"கொட்டியாச்சு. பக்கத்து வீட்டுத் தக்காளி வேனை எடுக்கச் சொல்லுங்க."

காதில் மாவு ஒட்டியிருந்த கருப்புசாமி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

நிமோனியா. டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நாளைக்கு வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஐந்து நாள் பேச்சாயி கட்டிலோரம் தரையிலேயே கிடந்தாள். பல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆறாம் நாள் மூச்சு சீரானது. பேச்சாயி கன்னத்தைத் தடவப் போக, தாரணி விரலைக் கவ்விக் கடித்தாள். "யாத்தே" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது, தாரணியைத் தவிர. சிவந்த விரலைப் பிடித்துக்கொண்டு பேச்சாயி மருமகளைப் பார்த்தாள். சொல்லப் பயமாக இருந்தது அவளுக்கு.

கௌசல்யா குழந்தையின் ஈறைத் தடவினாள். குருணை அரிசி போல ஒன்று குத்தியது. ஆறு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"பல்லுதான் அத்தை" என்றாள்.