பின்வரிசையில் நான்காவது குரல்

1

இது கதையாகும் என்று நான் உட்காரவில்லை. இசையமைப்பாளர் காசிநாதன் தன் படங்களில் கோரஸை எப்படிப் பயன்படுத்தினார் என்று ஒரு சிற்றிதழ் எட்டுப் பக்கக் கட்டுரை கேட்டிருந்தது. முதல் வரியை எழுதியும் வைத்திருந்தேன்:

"கதாபாத்திரத்தால் வாய் திறக்க முடியாத இடத்தில் காசிநாதன் இருபது பேரை வாய் திறக்கச் சொல்கிறார்."

நல்ல வரி என்றுதான் நினைத்தேன். அந்த இருபது பேரில் ஒருவரையாவது பார்த்துவிட்டு மீதியை எழுதலாமே என்று செங்கல்பட்டுக்கு ரயிலேறினேன். பதினோரு வருடம் கோரஸ் பாடிய ரோகிணி அங்கே இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த பிறகு கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை.

(நேரில் அவர் எனக்கு 'அவர்'. இனிமேல் கதைக்குள் 'அவள்'. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: "1997, மார்ச் மாதக் காலை. செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இரண்டு பெண்கள்..."

இது சினிமா. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "விஜயகுமாரியின் குரல்..."

இதையும் விட்டுவிட்டேன். காரணம் பின்னால் தெரியும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ரோகிணியும் விஜயகுமாரியும் செங்கல்பட்டில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். குமாரி மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் குப்பத்துப் பெண். அப்பாவுக்குப் படகு. கரையில் நின்று அலைக்கு மேலே கூப்பிட்டுப் பழகியவள். கல்லூரிப் போட்டிகளில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். ரோகிணி சுருதி பிசகாமல் பாடுவாள். பரிசு வருவது குமாரியால்.

கோரஸுக்கு ஆள் சேர்க்கும் ஜெபக்குமார், ரோகிணிக்கு இரண்டு பதிவுகளில் இடம் கொடுத்திருந்தார். மூன்றாவதுக்கு, "பின்வரிசைக்கு இன்னொரு பொண்ணு வேணும்" என்றார். ரோகிணி குமாரியைக் கூட்டிப்போனாள்.

3

சொல்லே இல்லாத கோரஸ். வெறும் 'ஆ'. படத்தில், பிள்ளையைப் புதைத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன் வாசலில் கால் கழுவுகிறான். அவன் அழமாட்டான். கோரஸ் வரவேண்டிய இடம் அது.

பின்வரிசையில் நான்கு பெண்கள், நடுவே ஒரு மைக். முதல் டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காசிநாதனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"பின்வரிசைல ஒரு குரல் மட்டும் தனியாத் தெரியுது."*

இரண்டாவது டேக். மூன்றாவது. அதே வார்த்தை. ஜெபக்குமார் திரும்பிப் பார்த்தார். குமாரி சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். அது தன் குரல் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

கூட்டிவந்தது ரோகிணி. இனிமேல் தன்னையும் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தாள். குமாரியின் காதருகே குனிந்தாள்.

"குமாரி, நீ வாய மட்டும் அசை. சவுண்டு வேணாம்."

"இன்னாடி சொல்ற?"

"ஒரு வாட்டிதான். ஓகே ஆயிரும்."

குமாரி அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். நான்காவது டேக் ஓகே ஆனது. முதல் மூன்றையும் அழித்துவிட்டார்கள்.

* காசிநாதன் இப்போது இல்லை. அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, வியந்து சொன்னாரா என்று ரோகிணிக்கு இன்றுவரை தெரியாது. "குரல்ல கோவமே இல்ல சார். அப்ப அது ஒறைக்கல, இப்பதான் ஒறைக்குது" என்றார். என் கட்டுரைக்கு இது மிகவும் தேவையான தகவல். எந்தப் பத்தியில் வைப்பதென்று தெரியவில்லை.

4

படம் வந்தபோது தேவனேரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் தியேட்டருக்குப் போனார்கள். குமாரி சினிமாவில் பாடியிருக்கிறாளே! அந்தக் காட்சியில் தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, நடுவில் இரண்டு வரிசை மட்டும் விசிலடித்தது. மற்றவர்கள் திட்டினார்கள். குமாரி எழுந்து நின்று எல்லோரையும் உட்காரச் சொன்னாளாம். உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. ரோகிணியிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பதிவுக்கு ரோகிணி கூப்பிட்டபோது, "இல்லடி, வூட்ல வேலை கீது" என்றாள். அதற்கடுத்த தடவையும் அதுவே. அப்புறம் கூப்பிடுவது நின்றது.

பொங்கலுக்குப் போன் பேசுவார்கள். மீன் கொடுத்தனுப்புவாள். சிநேகிதம் முறியவில்லை. முறிந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன் என்கிறார் ரோகிணி.

சென்ற வருடம் குமாரி போய்விட்டாள். மூளையில் கட்டி. மூன்றே மாதம்.

5

[இங்கிருந்து எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஏன் என்று ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.]

குமாரியின் மகள் எழில், பொத்தேரியில் கல்லூரியில் படிப்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியுடன் ரோகிணி வீட்டுக்கு வந்தாள். காசிநாதனின் பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றும் இடத்தில் அவளுடைய சிநேகிதி வேலை பார்க்கிறாள். பின்வரிசை மைக்கில் பதிவானதை மட்டும் எழில் வாங்கி, ஒரு மென்பொருளில் போட்டுக் குரல் குரலாகப் பிரித்திருந்தாள்.

"அம்மா பேசுனது போன்ல நெறைய கீது ஆன்ட்டி. பாடுனது ஒண்ணுகூட இல்ல. அதான். இதுல அம்மா எதுன்னு சொல்லுங்க."

மூன்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"நாலு பேர் நின்னீங்கல்ல? மூணுதான் வருது. ஒண்ண மிஷின் வுட்டுடுச்சு போல."

ரோகிணிக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. எழிலின் கண்ணைப் பார்த்தாள். இரண்டாவதைத் திரும்பப் போடச் சொன்னாள். அது ரோகிணியின் சொந்தக் குரல். இருபது வயதுக் குரல்.

"இதான்மா. இதான் உங்கம்மா."

எழில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். வெகு நேரம் கழித்து நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப உங்களுது?"

"நான் அன்னிக்குப் பாடலம்மா. தொண்டை கட்டிக்கிச்சு. சும்மா வாய அசைச்சேன்."

"ஐயோ, பாவம் ஆன்ட்டி நீங்க."

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் குமாரிக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

6

முதல் வருட நினைவு நாளில் மாலை போட்ட படத்துக்குக் கீழே ஸ்பீக்கர் வைத்து அந்தக் குரலைப் போட்டாள் எழில். சொந்தக்காரப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ரோகிணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டும் வெங்கடேசன், குமாரியின் கணவர், ரோகிணியைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தார். பாதி வழியில் நின்றார்.

"அது அவ இல்லல்ல?"

ரோகிணியும் நின்றாள்.

"கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டா. வாய அசைச்சேன்னா. வேற யாருக்கும் சொல்லாதன்னா."

"என்னைத் திட்டுனாளா?"

"இல்ல. ஆனா பாடுறத வுட்டுட்டா. கெஞ்சிக் கேட்டுக்கீறேன், சண்டை போட்டுக் கேட்டுக்கீறேன். பாடி நான் கேட்டதேயில்ல." பஸ் வரும் திசையைப் பார்த்தார். "பொண்ணு இப்பதான் தூங்குது. அப்படியே இருக்கட்டும்."

7

ஆக, இது நான் எழுதக்கூடாத கதை. பெயர்களையும் ஊரையும் வருடத்தையும் மாற்றியிருக்கிறேன். கோரஸுக்கு வேறு காட்சி வைத்திருக்கிறேன். இருந்தாலும் எழில் கதை படிக்கிற பெண்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ரோகிணி எழிலுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். எழில் மன்னித்து... (இல்லை. எழில் மன்னிப்பாள் என்று சொல்ல நான் யார்?)

அல்லது: பாடாதவளும் எல்லோரோடும் சேர்ந்து மூச்சு இழுத்திருப்பாள் அல்லவா? நாடாவில் அந்த மூச்சு இருக்கிறது. எழில் அதைக் கண்டுபிடிக்கிறாள்.

இது அழகாக இருந்தது. பெருமையோடு ரோகிணியிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"மூச்சு எல்லாருக்கும் ஒண்ணுதான சார்" என்றார். "அவ அங்க கொண்டாந்தது மூச்சு இல்லியே."

அடித்துவிட்டேன்.

8

அனுமதி கேட்க மறுபடி செங்கல்பட்டு போனேன்.

"எழுதிக்குங்க" என்றார் ரோகிணி. "ஆனா கடைசில அவ பாடுனான்னு எழுதுங்க. கதைதான? நான் ஒண்ணும் சொல்லல, அவ பாடிட்டான்னு எழுதுங்க."

"எப்படி இருக்கும் அவங்க குரல்?"

ரோகிணி நிமிர்ந்து உட்கார்ந்து, பாடிக் காட்டுவதற்காக வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"எனக்கு வராது சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் கேட்டபடியே எழுத உட்கார்ந்தேன்.

நான்காவது டேக். சிவப்பு விளக்கு எரிந்தது. ரோகிணி பக்கத்தில் பேசாமல் நின்றாள். குமாரி வாயைத் திறந்தாள். அவள் குரல்

[பதினேழு நாளாக இந்த இடத்தில் நிற்கிறேன். நான் கேட்காத குரல் இது. இந்த வாக்கியத்தை இனி நான் முடிக்கப்போவதில்லை. முடிந்தால் நீங்கள் முடியுங்கள், எழிலுக்குத் தெரியாமல்.]