குழாயடிச் சண்டைக்கு நாற்பத்தேழு பதில்கள்

பரீஹா காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாராவித் தமிழர்களின் பழைய பேச்சுப் பதிவுகளுக்காக அவள் ஓர் இணையதளம் வடிவமைத்திருந்தாள். மாலைக்குள் பத்துப் பேராவது அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் மாட்டுங்கா அலுவலகத்தில் கிருஷ்ணா சார் அதை மூட்டை கட்டிவிட்டு, பதிவுகளின் வெறும் பட்டியலைப் போட்டுவிடுவார். ஆறு மாத உழைப்பு!

தன் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டாள். தேடல் பெட்டியில் ஒருவர்கூட ஓர் எழுத்தும் தட்டவில்லை. தமிழ் எழுதத் தெரிந்தால்தானே! ஆனால் அவள் ஒப்புக்கு வைத்திருந்த மைக் பட்டனை நாற்பத்தாறு பேர் அழுத்தியிருந்தார்கள். பதிவில் தப்பு இருந்தால் பேசித் தெரிவிப்பதற்கான பட்டன் அது.

"நாப்பத்தாறு தப்பா?" மாலையில் கிருஷ்ணா சாரின் முகம் கடுகடுத்தது. "போடும்மா, கேட்டுடலாம்."

தளத்தைத் திறந்ததும் ஒலிப்பது 1988-இல் பதிவான ஒரு குழாயடிச் சண்டை. வரிசையில் வைத்த குடத்தைக் காணோம் என்று 'பெயர் தெரியாத பெண்' ஒருத்தி கத்துவாள். பரீஹா முதல் புகாரை அழுத்தினாள். பெல்ட் பட்டறை ரஷீதா மாமி!

"ஏட்டி, என்ன வாய் ஒனக்கு! குடத்த வச்சிட்டு நீ ஊர் சுத்தப் போவ, நாங்க காவல் இருக்கணுமாக்கும்?"

மாமி அந்தப் பழைய சண்டையை இன்றைய வாய்ஸ் மெசேஜ் என்று நினைத்துப் பதில் கொடுத்திருந்தாள்.

அடுத்தது பை தைக்கும் சலாவுதீன். "ரஷீதாக்கா சும்மா பேசக் கூடாது. குடம் நின்னா ஆள் நின்ன மாதிரி. அதான் நம்ம சந்து கானூன், நம்ம சட்டம்."

அதன்பின் சந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து வரிந்து கட்டியது. பரீஹா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பத்தாறாவது குரல் கரகரத்தது. "பேராச்சி பேசுதேன், தாணேல மவ வீட்ல இருக்கேன். சலாவுதீன்தான் இத அனுப்பிச்சான். பேர் தெரியாத பொம்பளன்னு எழுதியிருக்காம்லா? எவன் சொன்னது? எனக்குப் பேர் இருக்கு. என் குடத்த எடுத்தது ஆருன்னும் தெரியும். சொல்லட்டுமா?"

நாற்பத்தாறில் அது ஒன்றுதான் உண்மையான புகார். பரீஹா உடனே 'பேராச்சி' என்று திருத்தினாள்.

"மைக்கை நடுவுல பெரிசா வை," என்றார் சார். "பதிலை எல்லாரும் கேக்கட்டும். பட்டியலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பதில்களை எல்லாருக்கும் திறந்துவிட்ட பத்தாவது நிமிடம் நாற்பத்தேழாவது வந்தது. ரஷீதா மாமிதான், ஆனால் குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"பேராச்சி... குடம் பத்திரமாத்தான் இருக்கு. அரிசி போட்டு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம வாட்டி, பிரியாணி ஆக்குதேன்."