அண்ணையின் காருக்குப் போன கூலண்ட்

லண்டன் குறொய்டனில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கே காரின் கண்ணாடியில் உறைபனி பிடிக்கத் தொடங்கியிருந்தது. இரவு சைபருக்குக் கீழே எட்டுப் பாகை என்று போன் சொன்னது. றோஸ்மலர் தன் காரின் பொனட்டைத் திறந்து ரேடியேட்டர் பக்கத்துத் தொட்டியைப் பார்த்தாள். எஞ்சினை உறையாமல் காக்கும் கூலண்ட் ரோஸ் நிறத்தில் நிற்க வேண்டியது, குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்து நின்றது.

“இஞ்ச வாங்கோ!”

கணவர் அருள்நேசன் செருப்போடு வாசலுக்கு வந்தார்.

“கூலண்ட் மாத்தியாச்சு எண்டு சொன்னீங்கள். இது வெறும் தண்ணி. ராவைக்கு உறைஞ்சால் எஞ்சின் வெடிக்கும். நான் வாங்கி வைச்ச கலன் எங்க?”

“கத்தாத. பக்கத்து வீட்டுச் சனம் பாக்குது.”

“பாக்கட்டும். கலன் எங்க?”

“அண்ணை வந்தவர். தன்ர காருக்கும் வேணும் எண்டார். அவருக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமே?”

“அவருக்குக் கூலண்ட், எனக்குத் தண்ணி!”

“பிறகு வாங்குவம் எண்டு இருந்தன். இப்ப கடை கடையா முடிஞ்சுதாம்.”

“ரெண்டு கிழமையா வாயைத் திறக்கேல்லை. நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு நான் சட்டனில வேலைக்கு நிக்க வேணும்.”

“பஸ்ஸில போவன்.”

“போன மாசம் பஸ்ஸில போய் முக்கால் மணித்தியாலம் பிந்தினன். நான் பராமரிக்கிற மங்கலம் அம்மா தானா எழும்பப் பாத்து, கட்டிலுக்குக் கீழ விழுந்து கிடந்தவ. என்னைக் கண்டு அழுதவ. நான் போனால்தான் அந்த மனிசிக்கு விடியும். தெரியுமோ உங்களுக்கு?”

றோஸ்மலர் பொனட்டை அறைந்து மூடிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். அருள்நேசன் பின்னால் ஓடினார்.

அருள்நேசனின் அண்ணன் றொனால்ட் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவைத் திறந்தார்.

“என்ன பிள்ளை, முகம் சிவந்து கிடக்கு?”

“அண்ணை, உங்கட கார்த் திறப்பைத் தாங்கோ. எனக்கு வாங்கின கூலண்ட் அதுக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு அதிலதான் வேலைக்குப் போறன்.”

“நேசன்தானே ஊத்தினவன். சின்ன விசயம்.”

“சின்ன விசயமெண்டால் தாங்கோவன்.”

“புதுக் கார், பிள்ளை. பொம்பிளையள் ஓடி...”

“பதினொரு வருசமா ஓடுறன். ஒரு கீறல் இல்லை. உங்கட பழைய காரின்ர பின் பம்பர் எத்தினை தரம் மாத்தினது?”

“அதுக்கு உம்மட பேரில இன்சூரன்ஸ் இல்லையே!”

“ஒரு நாளைக்கு மட்டும் இன்சூரன்ஸ் போனிலயே எடுக்கலாம். நீங்கள் ஓம் எண்டால் காணும்.”

றொனால்ட் தம்பியைப் பார்த்தார். தம்பி மதிலைப் பார்த்தார்.

“நாளைக்கு எனக்குப் பூசை. மாதா கோயிலுக்கு எப்பிடிப் போறது?”

“பத்து நிமிச நடை. ரெண்டு சொக்ஸ் போட்டுக்கொண்டு நடவுங்கோ. மங்கலம் அம்மாவால கட்டிலை விட்டு இறங்கவும் ஏலாது.”

அவர் முணுமுணுத்தபடி ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்து நீட்டினார்.

“ஓமோ, அண்ணை?”

“ஓம், ஓம்.”

“அப்ப ரெண்டு பேரும் வாங்கோ. உறைய முதல் என்ர காரில இருக்கிற தண்ணியை வடிக்க வேணும்.”

“அண்ணையுமோ?” என்றார் அருள்நேசன்.

“கலனைக் கவிழ்க்கேக்க ரெண்டு பேரும்தானே நிண்டனீங்கள்?”

நான்கு மணிக்கு இருட்டிவிட்டது. றொனால்ட் டோர்ச் பிடித்தார். அருள்நேசன் காருக்கு அடியில் படுத்துக் கீழ்க் குழாயைக் கழற்றினார். தண்ணீர் சட்டைக் கைக்குள் பாய்ந்தது.

“அம்மா! சரியான குளிர், றோஸ்.”

றோஸ்மலர் படியில் நின்று போனில் இன்சூரன்ஸ் கேள்விகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வடியுங்கோ.”