ரோட்டுக்குப் போன ஆள்

"ரோட்டுக்குப் போயிட்டு வரேன்." வேலு சொன்னது அவ்வளவுதான்.

தேவிப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீ குடிக்கத்தானே, போகட்டும். முந்தின நாள் சண்டையில், "எங்கயாவது போய்ச் செத்துத் தொலைங்க, இனி உங்க மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்" என்று கத்தியவள் அவள்தான். வாயா அது, சனியன்!

வெயில் ஏறியும் ஆள் திரும்பவில்லை. செல்போன் தறிமேல் கிடந்தது. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த மாமியார் கன்னியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, அவன் எங்க?"

"ரோட்டுக்குப் போறேன்னாரு அத்தே."

கன்னியம்மாளின் கையிலிருந்த நாடா நழுவியது. "ரோட்டுக்கா? அடிப்பாவி, ரோடுன்னா ஸ்டேஷன்டி! அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

விழுப்புரத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ரயிலை ஆரணிக்குள் கொண்டுவராமல், களம்பூரில் ஸ்டேஷனைக் கட்டி, 'ஆரணி ரோடு' என்று பலகை மாட்டிவிட்டுப் போய்விட்டான். கன்னியம்மாள் வீட்டில் அது வெறும் 'ரோடு'. போன வருஷம் மாமியாரின் தம்பி தலையைக் கொடுத்ததும் அந்தத் தண்டவாளத்தில்தான். தேவிப்ரியா தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"ஜல்தியா போங்கண்ணா!" ஆட்டோக்காரரைக் கெஞ்சிக்கொண்டே போனாள். களம்பூரில் கேட் மூடியிருந்தது. தூரத்தில் ரயிலின் ஊதல். குனிந்து நுழைந்து பிளாட்பாரத்தில் ஓடினாள். பழைய கல் கட்டடத்தின் நிழலில் நாலைந்து பேர் இருந்தார்கள். வேலு இல்லை. அதற்குள் ரயில் வந்துவிட்டது. சக்கரங்களைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்காளம்மா, நான் சொன்னது பலிக்கக்கூடாது தாயே!"

"தேவி? நீ இங்க இன்னா பண்ற?"

பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பையை இறக்கிக்கொண்டிருந்தான் வேலு. பின்னாலேயே அவள் அப்பா இறங்கினார். ஓடிப்போய் வேலுவின் மார்பில் மாறிமாறிக் குத்தினாள். அழுகைதான் வந்தது.

"மூஞ்சியில முழிக்கமாட்டேன்னியே, அதான் மாமாவ வரச் சொன்னேன்," என்றான் அவன், தரையைப் பார்த்து. "கூட்டிகினு போகட்டும்."

ரயில் வந்தபோது பிடித்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"போன்னு இன்னொரு தரம் சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி!"

அப்பா இருவரையும் பார்த்தார். பிறகு தன் பையைத் தானே எடுத்துக்கொண்டார்.

"மாப்ளே, விழுப்புரத்துக்குத் திரும்புற வண்டி எப்ப?"