மலையில் குடித்த தண்ணீர்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைனுக்கு தேவிகாதான் சூப்பர்வைசர். தண்ணீர் குடிக்க யாராவது எழுந்தால் போதும், "சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்துவாள். வேறு வார்த்தையே தெரியாத வாய்.

ஞாயிற்றுக்கிழமை லைன் மொத்தமும் ஏலகிரியில் காட்டுப் பாதை வழியே மலையேறியது. பாதி வழியிலேயே தேவிகாவுக்கு மூச்சு வாங்கியது. பாறையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் போன பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தேவிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

தினமும் அவளிடம் திட்டு வாங்கும் நந்தினிதான் இறங்கி வந்தாள். பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"மெதுவா குடிங்க மேடம். மலை இன்னா, ஓடியா போய்டப் போவுது?"

மறுநாள் நந்தினி தண்ணீர் குடிக்க மிஷினை விட்டு எழுந்தாள். தேவிகாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. லைனே காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானது.

"மெதுவா குடிச்சிட்டு வாம்மா. ஷூ இன்னா, நடந்தா போய்டப் போவுது?"